முப்பத்தேழு பேர்

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
பழைய ஐஸ் கொம்பனிக் கட்டடத்தில்
அந்தக் கல்லூரி.
முப்பத்தேழு பேர் படிக்கிறார்கள்.
எங்கள் ஏஎல் வகுப்பில் மட்டும்
அறுபத்திரண்டு பேர் இருந்தோம்.

நான் எட்டாவது வாங்கு.
எனக்கு முன்னால் தட்சாயினியின் முதுகு,
அதற்கு முன்னால் இன்னும் ஆறு முதுகு.
இரண்டு வருடத்தில் அளவையியல் சேர்
என்னிடம் பேசியது ஒரே தரம்:
"பிள்ளை, அந்த ஜன்னலைச் சாத்தும்."
சாத்தினேன்.
மூன்று பாடமும் பி.
ஒருவரும் ஆச்சரியப்படவில்லை,
நான் உட்பட.

யாழ்ப்பாணக் கம்பஸுக்கு இசட் ஸ்கோர் காணும்.
கலைப்பீடத்துக்கு நானூறு பேர் எடுப்பார்களாம்.
நானூறு!
கற்கண்டு போல வாயில் ஒதுக்கி வைத்திருந்தேன்
அந்த எண்ணை.

"முப்பத்தேழு பேருக்கு ஒரு கல்லூரியா,
அது டியூட்டரி" என்றான் அண்ணன்.
கசெற்றில் வேலை வந்தால்
அந்தச் சான்றிதழை எடுப்பார்களா என்றார் அம்மா.
நியாயமான கேள்வி.
கல்லூரியில் கேட்டபோதும்
"இன்னும் தெரியாது" என்றுதான் சொன்னார்கள்.
சும்மா எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தால்
அன்றைக்கே திரும்பியிருப்பேன்.

கட்டைபறிச்சானில் ஐந்தரை பஸ்.
திருகோணமலை நிலையத்தில் ஒரு மான்
யாரோ எறிந்த லொத்தர் ரிக்கற்றை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.
அடுத்த பஸ்ஸில் எனக்குச் சீற் கிடைத்தது.
இதையெல்லாம் சகுனமாக எடுக்கவில்லை.

வகுப்பு, முன்பு மீன் குளிர்ந்த அறை.
கதவு அரையடித் தடிப்பு.
மணம் இன்னும் போகவில்லை.
"பழகிரும்" என்றாள் ருஸ்னா, இரண்டாம் வருடம்.
இருப்பது ஒரு நீள மேசை.
காலையில் அதில் மெய்யியல்,
மத்தியானம் சோறு,
பின்னேரம் தாவரவியல்;
பருக்கை ஒட்டிய இலையை
லென்ஸில் பார்ப்பார்களாம்.
நூலகம் நாலு அலுமாரி.
ஒன்றின் திறப்பு துலைந்துபோய்
எட்டு மாதம்.

ஜெசிந்தா மிஸ் கேட்டா:
"ஒருத்தருக்கும் தெரியவராத பொய்,
பொய்தானா?"
கேட்டுவிட்டு என்னைப் பார்த்தா.
நான் பழக்கத்தில்
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் சுவர்.

காத்திருந்தா.
மற்றவர்களும் காத்திருந்தார்கள்.
குளிரறைக்குள் கடல் கேட்காது,
வாகனம் கேட்காது,
யாரோ விரல் நெட்டி முறித்தது கேட்டது.
"தெரியாது மிஸ்."
"எந்தப் பகுதி தெரியாது?"

அப்படி ஒரு கேள்வியை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
எழும்பி ஓடலாம் போல இருந்தது.
இருந்தேன்.

"கோபம் வந்தாத்தான் கஷ்டம்" என்றாள் ருஸ்னா,
"போன தவணை நிரோஜனோட
பதினேழு நாள் கதைக்கல்ல.
எனக்கு நேர முன்னால இருந்து சாப்பிடுறவன்.
பதினேழு நாளும் உப்ப
நானே எழும்பிப் போய் எடுத்தேன்."
சிரிக்கவில்லை அவள்.

தேத்தண்ணிக் கோப்பைகளில்
நகப்பூச்சால் பெயர் எழுதியிருந்தது.
எனக்குத் தந்தது பெயரில்லாதது,
விளிம்பில் சின்ன உடைவு.
குடித்தேன், மேசையில் வைத்தேன்,
பஸ்ஸின் ஹோர்ன் கேட்டு ஓடினேன்.

கிண்ணியாப் பாலத்தில் வரும்போதுதான்
நெஞ்சு திக்கென்றது:
அங்கே அவரவர் கோப்பையை
அவரவர் கழுவுகிறார்கள்.
முப்பத்தேழு கவிழ்ந்திருக்கும்,
ஒன்று அடியில் சாயத்தோடு நிமிர்ந்திருக்கும்.
பெயரில்லாததால்தான்
அது என்னுடையது என்று தெரியும்.

எங்கள் வகுப்பில் நான்
ஒரு கிழமை வராவிட்டாலும்
இடாப்பில் தவிர
எங்கும் தெரிந்திருக்காது.

யாழ்ப்பாணக் கடிதம் ரீவிக்கு மேல் இருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்கு முன் பதியவேண்டும்.
அம்மா அதன் மேல்
கண்ணாடிக்கூட்டைப் பாரமாக வைத்திருக்கிறார்.

நேற்றிரவு கல்லூரி நம்பரை அழுத்தினேன்,
மன்னிப்புக் கேட்கவா, இடம் கேட்கவா என்று
முடிவில்லாமல்.
ஒரு தரம் மணி போனது.
வைத்துவிட்டேன்.
யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.